அடிமட்டம்

பாயான் லெப்பாஸ். இரவு இரண்டு மணி.
வேகத்துக்கு ஒரு கட்டம், அழுத்தத்துக்கு ஒன்று,
கீழே வலப்பக்கம் காலி.
நாற்பதாவது சுற்றில் வேகங்கள் அடங்கிவிட்டன.
அழுத்தம் மட்டும் எல்லாப் புள்ளியிலும்
ஒரே அளவாய் ஏறிக்கொண்டே போகிறது.

தொட்டியின் எல்லை முழுக்க
வேகத்தைத்தான் விதித்திருந்தேன்.
எங்கும் ஆயிரத்தைக் கூட்டினாலும்
சமன்பாட்டுக்குத் தெரியாது.
அதன் கண்ணுக்கு ஏற்ற இறக்கம்தான் படும்.

ஒரு மூலைக்கு
“நீ சுழியம்” என்று ஆணியடித்தேன்.
நின்றது. ஆனால் அந்த மூலையில் ஒரு முள்:
ஊரார் பிழையெல்லாம் ஒருத்தி தலையில்.

சியூ லான் மைலோவை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தாள்.
“பிடுங்கு ஆணியை.
சுற்றுக்குச் சுற்று சராசரியைக் கழி.
வலப்பக்கத்தையும் பார்,
உள்ளே விட்டதும் வெளியே எடுத்ததும் ஒக்கிறதா?”

ஒக்கவில்லை.
ஏழாம் தசமத்தில் ஒரு சொட்டு மிகுதி.
தள்ளினேன்.
பதினொன்றாம் சுற்றில் இறங்கி வந்தது விடை.

விடிகாலை பெரியில் பட்டர்வொர்த் திரும்புகிறேன்.
கடல் ஏற்றம்.
மோட்டார் சைக்கிள்கள், நாசி லெமாக் பொட்டலம்,
தூங்கிவழியும் காவலாளி, நான்,
எல்லாரும் ஒருசேர உயர்ந்திருக்கிறோம்.

துறைத் தூணில்
நேற்றுப் பார்த்த பாசிக்கோட்டைக் காணோம்.