கலப்பு ஊடகம்

டாண்டினோங்கில் யாரோ தெருவோரம் எறிந்த கதவு.
பதினொரு வருட விசாக் கடிதங்களை அதில் ஒட்டினேன்,
உறைகளின் சன்னல்களோடு,
பிழையாய் எழுதிய என் பெயர் தெரியும்படி.
கீலுக்குப் பதில் சிவப்பு நூல்.
கைப்பிடி இல்லை; அதுதான் கருத்து என்று
இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

திறப்பு நாளன்று மழை.
துப்புரவுக்கு வந்த செல்வரூபி அக்கா
நான் பிடுங்க மறந்த ஆணியில்
நனைந்த ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டு
வாளியோடு போய்விட்டா.
கண்காட்சிப் பொறுப்பாளர் வெள்ளைக் கையுறையோடு ஓடிவந்தார்.
விடுங்கோ என்றேன்.
சொட்டுச் சொட்டாய் முத்திரை மை கரைந்து
பழைய மறுப்பிலிருந்து புதிய மறுப்புக்கு இறங்கியது.

எட்டு மணிக்கு அக்கா திரும்பி வந்து
ஜாக்கெட்டை உதறினா;
கதவில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தா.
"நல்ல வைரமான மரம், தம்பி.
எந்த வீட்டுக்கு?"