இரண்டாம் பிரதிவாதி

டவாலி மூன்று முறை கூப்பிடுகிறார்,
குரலில் எந்தச் சந்தேகமும் இல்லாமல்:
செலஸ்டினாவுக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகள்…
பிறக்கக்கூடிய பிள்ளைகள்…
பிறக்கக்கூடிய பிள்ளைகள்…

ஆஜர், என்கிறேன்.

நியமன உத்தரவில் என் பெயர் நூர்ஜமீலா,
எழுத்துப் பிழையோடு.
கட்சிக்காரர் வயது என்ற இடத்தில்
தட்டச்சர் ஒரு கோடு போட்டிருந்தார்.
கையெழுத்து இல்லை. ரேகை வைக்க விரலும் இல்லை.
பீஸ் தராதவர்களைப் பார்த்திருக்கிறேன்,
ஜாமீனில் போய்த் திரும்பாதவர்களையும்.
இன்னும் வந்தே சேராதவர் இதுதான் முதல்.

மூக்கையூர். ஒரு ஏக்கர் எண்பது சென்ட், நாற்பத்திரண்டு பனை.
இன்னாசிமுத்து மொத்தா எழுதிய செட்டில்மெண்ட்:
மகள் செலஸ்டினா ஆயுள் வரை அனுபவிக்க வேண்டியது,
விற்கவோ ஒத்தி வைக்கவோ கூடாது;
அவளுக்குப் பின் அவள் வயிற்றுப் பிள்ளைகள்
சர்வ சுதந்திரமாய் ஆண்டுகொள்ள வேண்டியது;
பிள்ளை இல்லாது போனால் மகன் வியாகுலன்.
தெற்கு எல்லை: சமுத்திரம்.

தங்கைக்கு நாற்பத்தொன்பது ஆகிறது, இனி என்ன,
என்கிறார் வியாகுலனின் வக்கீல்.
இறால் பண்ணைக்காரன் முன்பணம் கொடுத்துவிட்டதை
அவர் சொல்லவில்லை. தாள் சொன்னது.
கடலாடி கோர்ட்டில் ஒன்பது லட்சம் மதிப்புப் போட்ட வழக்கு,
ஒப்பந்தத்தில் முப்பத்தாறு என்று நான் காட்டியதும்
எங்களுக்கு அதிகாரமில்லை என்ற குறிப்போடு
ராமநாதபுரம் புறப்பட்டது.
பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.
கட்டு வந்து சேர எட்டு மாதம்.
இங்கே மறுபடி என்னை நியமித்தார்கள்,
அதே எழுத்துப் பிழையோடு.

கூண்டில் செலஸ்டினா.
மாதவிலக்கு நின்றுவிட்டதா இல்லையா?
ஜூனியர்கள் அவரவர் பேனாவைப் பார்த்தார்கள்.
ஆட்சேபம் என்று எழுந்தேன்,
ஒரு பழைய தீர்ப்பைக் கையில் பிடித்தபடி.
என் கட்சிக்காரருக்காகத்தான் எழுந்தேன்.
தனக்காக என்று அவள் நினைத்திருக்கலாம்.
அல்லது நான் நினைத்திருக்கலாம்.
அவளோ என்னைக் கையமர்த்திவிட்டு,
"அதை அண்ணன் பொண்டாட்டிட்டக் கேளுங்க சார்,
என் கணக்கெல்லாம் அவுகதான் எழுதி வச்சிருக்காக."
கோர்ட் சிரித்தது.
பதிவில் 'தெரியாது' என்று ஏறியது.

ஆணையர் பார்வையிடப் போன அன்று
கச்சான் காற்றில் நாடா நிற்கவில்லை.
தெற்குக் கல்லைத் தேடி சர்வேயர்
முழங்கால் தண்ணீரில் இறங்கினார், பிறகு இடுப்பளவு.
முப்பத்தொரு பனை நின்றன.
மூன்று, வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன,
மட்டையில் நண்டு ஏற.
மற்ற எட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கடலைக் கட்சி சேர்க்கவில்லையே, என்றேன்.
ஆணையர் சிரிக்கவில்லை,
அவருடைய படிவத்தில் அதற்கு இடமில்லை.

கிளம்பும்போது செலஸ்டினா பக்கத்தில் வந்தாள்.
"அந்தப் புள்ளைகளுக்கு வக்கீல் நீங்கதான?"
ஆமா.
"ஆணா பொண்ணா, என்ன எழுதியிருக்கு?"
எழுதலை.
"நல்லது" என்றாள்.
சேலை முந்தியைக் காற்றிடமிருந்து பிடுங்கிச் செருகிக்கொண்டாள்.
"ஒண்ணு அஞ்சாம் மாசத்துல போச்சு.
ஒருத்தருக்கும் தெரியாது.
அதையும் கணக்குல சேக்கணுமா?"

உயிரோடு பிறந்தால் மட்டுமே, என்கிறது சட்டம்.
எனக்கு அது மனப்பாடம்.
செருப்பில் புகுந்த மணலைத் தட்டினேன்,
தட்டிக்கொண்டே இருந்தேன்,
ஆணையரின் ஜீப் ஹாரன் அடிக்கும் வரை.

வாய்தா ஜூன் பதினேழு.
அதற்குள் இன்னும் இரண்டு சென்ட் போயிருக்கும்.
டவாலி மூன்று முறை கூப்பிடுவார்.
ஆஜர் என்பேன்.
எத்தனை பேருக்கு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.