இரண்டு துளை

முந்நூற்று நாற்பது லாரி.
மருந்துக்கடைக் கல்லாவில் ஏழு மாதம் நின்ற கால்களுக்கு
வாடகை, எரிவாயு, கடைவாய்ப் பல் பிடுங்கியது போக
மிஞ்சியது இவ்வளவுதான்.

மைக்கை முதலிலேயே வாங்கிவிட்டேன், அவசரக்குடுக்கை.
யானை வாசலில் நிற்கிறது,
அங்குசத்துக்கு அலைகிறேன்.
நாற்பத்தெட்டு வோல்ட் ஊட்டினால்தான்
அதற்குக் காது கேட்குமாம்.

மடிக்கணினிக்குள் ஏற்கெனவே ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறது.
இருக்கிறது என்று சொல்லலாம்.
அதில் பதிந்தால்
பாட்டுக்கு முன்னால் மழை,
பாட்டுக்குப் பின்னாலும் மழை.
பாடிய சொல் அரை நொடி கழித்துத் திரும்புகிறது
கைமாற்றாகக் கொடுத்த காசு போல,
தாமதமாக, கொஞ்சம் குறைந்து.
சேர்ந்து பாடுகிறவர்களுக்கு
அரை நொடி என்பது வேறு ஊர்.

சனிக்கிழமை உலர் பாலத்துச் சந்தைக்குப் போனேன்.
திபிலீசியின் பழையதெல்லாம் கடைசியில் அங்கேதான் வரும்.
பதக்கங்களுக்கும் மூடி தொலைந்த சமோவார்களுக்கும் நடுவே
தாரியேல் ஒரு போர்வை விரித்திருந்தான்.
எட்டுத் துளைப் பெட்டி, எண்பதே லாரி!
கை நடுங்கத் திருப்பிப் பார்த்தேன்.
அதன் கம்பி நுழைகிற வாய்
இன்று எந்தக் கணினியிலும் இல்லை.
"டிரைவராவது கிடைக்குமா?" என்றேன்.
"அண்ணன் மினிபஸ் ஓட்டுகிறான்,
வரச் சொல்லட்டுமா?" என்றான்.

கடையில், கண்ணாடிக்குப் பின்னால் புதியவை.
ஒரு துளை நூற்றெண்பது.
இரண்டு, முந்நூற்றுப் பத்து.
நான்கு, எழுநூற்று இருபது.
மூன்று துளைக்கு அங்கே பெட்டியே இல்லை.
எங்கள் பாட்டோ மூன்று குரல்:
மேலே எதேரி, நடுவில் நான்,
அடியில் நுக்சார்.
ஒரே சுரத்தைத் தரை மாதிரி விரித்துப் பிடித்திருப்பான்,
நாங்கள் அதன்மேல் நடப்போம், ஓடுவோம், சண்டையும் போடுவோம்.

"ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடுவீர்கள்?"
கேட்டது விற்பனைப் பையன், பெயர்ப்பட்டையில் ஜாபா.
எத்தனை பிட், எந்தச் சில்லு, எதில் இரைச்சல் குறைவு என்று
மூன்று வாரம் தூங்காமல் படித்தவளுக்கு
இதற்கு மட்டும் பதில் இல்லை.

நுக்சார் செப்டம்பரில் போலந்து போகிறான்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஆறு மாத இரத்த அழுத்த மாத்திரையை
ஒரேயடியாக என் கல்லாவில் வாங்கினான்,
"தள்ளுபடி உண்டா?" என்று சிரித்துக்கொண்டே.
அப்புறம் அவன் தங்கையிடம் கேட்டேன்.

"மூன்று" என்றேன்.
"அப்படியானால் நான்கு துளை" என்றான் ஜாபா.
"இல்லை. இரண்டு கொடு."

க்ல்தானி, ஒன்பதாவது மாடி.
லிஃப்டுக்குக் காசு போடாமல் படியேறினேன்
மிச்ச முப்பது லாரியை அப்போதே காப்பாற்றுகிறவள் போல.
சமையலறைச் சன்னலில் கம்பளி தொங்கவிட்டு
குளிர்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.
பக்கத்துச் சுவரில் லிஃப்ட் உறுமி முடிக்கும்வரை
மூவரும் மூச்சடக்கிக் காத்திருந்தோம்.

நல்ல மைக்கை நுக்சாருக்கு வைத்தேன்.
எதேரிக்கும் எனக்கும் சேர்த்து
அவள் கொழுந்தனின் கரோக்கி மைக், மூக்கு மோத.
"எனக்கு மட்டும் ஏன் தனித் துளை?"
"அடிக்குரல் இன்னொன்றோடு கலந்தால் பிரிக்க முடியாது."
பொய்யில்லை அது.

நான்கு தடவை பாடினோம். இரண்டு தேறும்.
பிறகு, "நீ மட்டும் ஒருமுறை" என்றேன்,
"அந்த ஒரு சுரம். சொல் வேண்டாம்."
"எவ்வளவு நேரம்?"
"முடிகிற வரைக்கும்."

பெட்டியில் பச்சை விளக்கு ஏறியது, அப்படியே நின்றது.
எதேரி முதலில் விளக்கைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
ஒன்றும் கேட்கவில்லை.

குளிர்பெட்டியின் ஒயரைத் திரும்பச் செருக
யாருக்கும் நினைவில்லை.
காலையில் பால் திரிந்திருந்தது.