பாலத்துக்கு இந்தப் பக்கம்

நாரின் ஆற்றுப் பாலத்துக்கு
இந்தப் பக்கமே லாரியை நிறுத்தினான் எசென்குல்.
அஸர் நேரம்.

முழங்கை வரை பனித்தண்ணீர் கடித்தது.
கால்களுக்கு அது வேண்டாம்.
ஈர விரல்கள் மூன்று
மாஸித் தோலுறையின் மேல்
நுனியிலிருந்து கணுக்கால் நோக்கி
ஒரே இழுப்பு.
அடியில் அப்பிய கரித்தூசியை
யாரும் கேட்கவில்லை.

முஸாபிருக்கு மூன்று பகல், மூன்று இரவு.
இரண்டுதான் கழிந்திருக்கிறது.
பாலம் தாண்டினால் ஊர்க்காரன்,
ஒருநாள் கெடு எப்போதோ தீர்ந்தவன்.
கழற்ற வேண்டும்,
கழுவ வேண்டும்.

வெந்நீர் வைக்க
புருல்சா இல்லை அந்த வீட்டில்,
போன மாதத்திலிருந்து.

தொழுது முடித்தும் சாவியைத் திருகவில்லை.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்:
"வீட்டுக்குப் போகலையா?"

"இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி
பாக்கியிருக்கு" என்றான்,
காய்ந்துவிட்ட தோலைத் தடவிக்கொண்டு.