கதவிலிருந்து மூன்றாவது

சன்னாசி த/பெ கறுப்பண்ணன். அறுபத்தொன்பது.
செந்தூல். டைல்ஸ் ஒட்டியவர்.
சீட்டில் டாக்டர் நோராய்னியின் கிறுக்கல்:
வலது கண்ணில் கோடுகள் வளைகின்றன, ஸ்கேன்.

தாடையை இதில் வையுங்கள்.
நெற்றியை முன்னால் அழுத்துங்கள்.
உள்ளே பச்சையாய் ஒரு கூட்டல் குறி தெரியுதா?

"பச்சை தெரியுது.
நடுவுல மட்டும் யாரோ கட்டை விரலால
துடைச்சிட்டாங்க."

அப்படியென்றால் அது இருக்கவேண்டிய இடத்தைப்
பாருங்கள் என்றேன்.
இல்லாத ஒன்றை அசையாமல் பார்ப்பது
எல்லாருக்கும் வருவதில்லை.
நாற்பது வருஷம் மட்டம் பார்த்த கழுத்து,
அப்படியே நின்றது.
இமைக்காதீங்க. இமைக்காதீங்க.
ம், இமைங்க.

திரையில் அவர் விழித்திரை
குறுக்காக அறுபட்டு, கருப்பு வெள்ளையில்.
மேலடுக்குகள் ஒழுங்கு.
பள்ளம் இருக்கவேண்டிய நடுவில் ஒரு மேடு,
மேட்டுக்கு அடியில்
மெல்லிய கறுப்புக் குளம்.

இடது கண்ணில் குளம் இல்லை.
அடித்தளம் நெடுக சின்னச் சின்னப் புடைப்புகள்,
சலிக்காமல் கொட்டிய மணல்மாதிரி.

நான் படம் எடுப்பவள்.
எது ஈரம் எது உலர்வு என்று சொல்லும் வாய்
பக்கத்து அறையில் இருக்கிறது.
பெயரையும் எண்ணையும் சரிபார்த்துச் சேமித்தேன்.
திரையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு
அவர் அதைப் பார்த்தார், ஒரு வேலையைப் பார்ப்பதுபோல.

"தண்ணி பூந்திருக்கு."

நான் பேசவில்லை.

"அடியில தண்ணி பூந்தா எந்த டைல்ஸும் தூக்கும்மா.
சிமெண்டைத்தான் திட்டுவாங்க.
பைப்பு எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்.
இந்தப் பக்கம் வெறும் மணலு,
இப்ப ஒண்ணும் பண்ணாது.
அதுக்காக மறந்துடவும் கூடாது."

டாக்டரிடம் கேளுங்கள் ஐயா என்றேன்,
பன்னிரண்டு வருஷமாய்ச் சொல்லும் அதே குரலில்.
பைப்பைத் தேடத்தான் அடுத்த படம்
என்பதை மட்டும் சொன்னேன்.
ஊசியில்லை, சாயமில்லை,
ரத்தம் ஓடும் வழியை வெளிச்சமே வரைந்துவிடும்.
வரைந்தது:
ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில்
யாரும் வைக்காத செடியின் வேர்.

செவ்வாய்க்கிழமை முதல் ஊசி.
பிறகு மாதாமாதம்.

போகும்போது வாசலில் நின்றார்.
கண்களை மாற்றி மாற்றிப் பொத்தித்
தரையைப் பார்த்தார்.
"வலது கண்ணுக்கு ரூம்பே ஆத்துல போவுது.
இடது கண்ணுக்கு, கதவுலேர்ந்து
மூணாவது டைல்ஸ் மட்டும் கோணல்."

தலையாட்டினேன்,
எல்லா நோயாளிகளுக்கும் ஆட்டுவதுபோல.

மாலை ஆறுக்கு மழை பிடித்துக்கொண்டது.
கீழே ஜாலான் பஹாங் முழுக்க
நகராத சிவப்பு விளக்குகள்.
அன்றைய பட்டியலை மடித்து
அதன் விளிம்பைத் தரையோடு ஒட்டிவைத்தேன்.

ஒரு அரிசி அகலம் விலகியிருந்தது.

நாற்காலியின் சக்கரம் அங்கேதான் தினமும் தட்டும்.
சக்கரத்தை இரண்டு முறை மாற்றச் சொல்லி
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.