பழுப்பு மட்டும்தான்

புது மாடலின் படம் வந்துவிட்டது.
முழுப் படம் இல்லை.
கும்மிருட்டில் ஒரு முன்விளக்கு,
அதன் மேல் மெல்லிசாக ஒரு புருவம்.
அவ்வளவுதான் காட்டினார்கள்.
அதைப் பார்த்தே என் தம்பி ருத்ரா
பின்பெட்டி எவ்வளவு நீளம் என்று
சாப்பாட்டு மேசையில் வரைந்து காட்டினான்,
விரலால், ரசத்தைத் தொட்டு.

ஆறு மாசம், மச்சான். ஆறே மாசம்.
இப்பப் போய் யாராவது பழசை வாங்குவாங்களா?

தயாளன் பதில் சொல்லவில்லை.
ஆறு மாசத்தை அவர்
ஏர்கான்களாக எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் வேன் மார்ச்சில் நின்றது,
பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில்.
கீழே கடல்.
உள்ளே நாலு கம்ப்ரஸர்.
பின்னால் பிறை வரைக்கும்
மற்றவர்களின் கோபம்.
இழுத்து வந்தவன் இருநூற்று எண்பது வெள்ளி கேட்டான்.
நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.

ஜெலுத்தோங் ஷோரூமில் மிஸ்டர் கோர்
ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.
போன வருடத் தயாரிப்பு, மிச்சம் ஒன்றே ஒன்று,
பதின்மூவாயிரம் வெள்ளி கழிவு.
சொக்லாட் சாஜா, காக், என்றார்.
சொக்லாட் என்றால் இனிக்கும் என்று நினைத்தாரோ.
பழுப்பு.

ஏன் விற்கவில்லை என்று கேட்டேன்.
நிறம்தான் கொஞ்சம், என்றார்.
வேறு ஒன்றுமில்லை.

அந்த வேறு ஒன்றுமில்லையை எனக்குத் தெரியும்.
முப்பத்தாறு வயதில்
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்
பெரியப்பா அதே குரலில் சொல்வார்.

பத்து மாவுங் கிடங்குக்குப் போனோம்.
பதினொரு மாதம் ஒரே இடத்தில்.
டயரைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம்.
பக்கக் கண்ணாடியில்
ஏதோ ஒரு மைனா தன்னோடு தானே
சண்டை போட்ட கீறல்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.
ஓடியது பத்தொன்பது கிலோமீட்டர்,
அதுவும் இங்கே வந்து நிற்பதற்காக.

தயாளன் அடியில் படுத்து டார்ச் அடித்தார்.
துரு இருக்கா என்றேன்.
இல்லை என்றது இரண்டு செருப்பு.
என்னைப் பார்க்க வந்த அன்று
அவர் எதையும் சோதிக்கவில்லை.
தேத்தண்ணியில் எறும்பு மிதந்தது.
எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

பேரம் நான் பேசினேன்.
வெயிலில் செத்த பேட்டரிக்குப் புதுசு.
பின்பெட்டிக்குத் தார்ப்பாய்.
மைனா கீறலுக்கு இன்னும் ஐந்நூறு.
தயாளன் வெட்கப்பட்டு
வெளியே போய் மழையைப் பார்த்தார்.
மழை பெய்யவில்லை.

ருத்ரா இரவே கணக்கு அனுப்பினான்:
ஐந்து வருடத்தில் விற்றால்
இத்தனை ஆயிரம் நஷ்டம்.
சரியான கணக்குதான்,
ஐந்து வருடத்தில் விற்கிறவர்களுக்கு.
நாங்கள் பாலத்தில் நிற்கும் வரை ஓட்டுகிறவர்கள்.

புது மாடல் ஆறு மாதத்தில் வரவில்லை.
பதினான்காவது மாதம் வந்தது.
சிக்னலில், மழையில், எங்கள் பக்கத்தில் நின்றது.
வெள்ளை.
இருட்டில் பார்த்த அதே புருவம்,
இப்போது முகத்தோடு.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தயாளனும் பார்த்தார்.
பச்சை விழுந்த பிறகும் பார்த்தார்,
ஒரு விநாடி.
பின்னால் ஹார்ன் கேட்டது.

அந்த ஒரு விநாடியைப்
புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, செலவிலா,
இன்னும் தெரியவில்லை.

பாயா தெருபோங், பதினேழாவது மாடி, என்றேன்.
லிஃப்ட் ஓடலையாம்.