பழைய நேரம்

நிறுத்துத்தான் தந்தார் நபீஸ் நானா.
மூன்று கிலோ அறுநூறு.
இதுக்குள்ள செம்பு கிடையாது பிள்ளை,
பிளாஸ்டிக் விலைக்கே எடுங்க.
விசைப்பலகையும் உடம்பும் ஒன்றாய் வார்த்த அமிகா.
நெகிழ்வட்டு வாய்க்குள் குளவி கூடு கட்டிக்
குஞ்சுகளும் பறந்துபோய்விட்டன.

மல்லாவிச் சந்தியில் நான் போன் திருத்துகிறவள்.
ஆட்கள் வராத மத்தியானங்களில்
கசிந்த மின்தேக்கிகளை ஒவ்வொன்றாய்ச் சூடாக்கி எடுத்தேன்.
கெட்ட மீன் மணத்தது.
தையல்கடைச் செல்வமலரக்கா
கருவாடோ பொரிக்கிறாய் என்று எட்டிப் பார்த்தா.

டியூஸ்பேர்க்கிலிருந்து மயூரதன்
முடுக்கி அட்டை ஒன்றைச் சப்பாத்துக்குள் செருகி அனுப்பியிருந்தான்.
இதில யூனிக்ஸை ஏத்தி என்ன செய்யப்போறாய்?
தெரியாது.
தராசில் கிடந்த சாமான்
என்னிடம் கடவுச்சொல் கேட்பதைப்
பார்க்கவேண்டும்போல் இருந்தது.

மூன்று தரம் பாதியில் நின்றது.
ஒரு தரம் கரண்ட் போனது,
மற்ற இரண்டும் என் பிழை.
நாலாம் இரவு, பழைய டீவித் திரையில்
நெட்பிஎஸ்டி வரிவரியாய் எழும்பி வந்தது.
நினைவகம் நெருக்குப்பட்டால்
இடம்பெயர்ந்துபோய் இருக்க
வட்டில் ஒரு துண்டு ஒதுக்கு என்றது.
முப்பத்திரண்டு மெகாபைட் கொடுத்தேன்.
இதை முன்கூட்டியே கேட்டு வைத்த ஒன்றை
இங்கே இப்போதுதான் காண்கிறேன்.

பிறகு மணிக்கூடு.
மின்கலம் செத்த இயந்திரம்
அபத்தமான நேரம், திருத்து திருத்து என்றது.
எந்த ஊர்?
பட்டியலில் கொழும்பு இருந்தது. அழுத்தினேன்.

பெட்டியோடு வந்த பழைய வட்டை அழிக்கவில்லை.
அதில் ஒரே ஒரு கோப்பு,
இரண்டாயிரத்தொன்று மார்ச்சில் சேமித்தது.
ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்:
ஜெனறேற்றர் ஆறு மணி வரைக்கும்தான்
மிச்சம் நாளைக்கு

அமிகாவின் சொந்தத் திரையில் பார்த்தபோது
பின்னேரம் ஐந்து நாற்பது என்றிருந்தது.
இப்போது ஆறு பத்து என்கிறது.
ஆறுக்கு நின்ற ஜெனறேற்றரில்
ஆறு பத்துக்கு யார் தட்டியது?

வயரைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன்.
தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டிய பிறகுதான் பிடிபட்டது.
தொண்ணூற்றாறில் நாட்டின் முள்ளை முன்னே தள்ளினார்கள்.
இங்கே தள்ளவில்லை.
பத்து வருசம், ஒரே வெயிலுக்கு இரண்டு மணி.
ஓமந்தை தாண்டுகிறவர்கள்
அடையாள அட்டையை எடுக்க முதல்
கைக்கடிகாரத்தைத் திருகினார்கள்.
பஸ் எத்தனைக்கு என்றால்
பழைய நேரமோ புது நேரமோ என்பதுதான் பதில்.
இந்த இயந்திரத்துக்குக் கொழும்பின் சரித்திரம் மனப்பாடம்.
அதைச் சொல்லி அரைமணித்தியாலத்தைக் கூட்டிவிட்டது.

பிழை என்று சொல்லமுடியாது.
நான்தான் கொழும்பை அழுத்தினேன்.

வலயங்களை எழுதி வைக்கும் கோப்பு வெறும் எழுத்துத்தான்,
யாரும் திறக்கலாம்.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
மல்லாவி. ஐந்து முப்பது.
விதி என்ற பத்தியில்
ஒரு சின்னக் கோடு, விதி இல்லை என்பதற்கு.
தொகுக்கச் சொன்னேன். முறைப்பாடு இல்லாமல் தொகுத்தது.

ஐந்து நாற்பது.

இன்னும் இருபது நிமிசம் இருக்கிறது
அந்த ஆளுக்கு, ஆணோ பெண்ணோ.
எண்ணெய் மணக்கும், பக்கத்தில் இரைச்சல் கேட்கும்.

இயந்திரம் தனக்குச் சாவிகள் செய்யத் தொடங்கியிருந்தது.
இந்த வேகத்தில் விடிந்துவிடும்.
சும்மா இருக்க ஏலாமல் கோப்பின் பைட்டுகளை எண்ணினேன்.
எழுத்தை விட ஒன்று கூட.
திரும்ப எண்ணினேன்.
நாளைக்கு என்பதற்குப் பின்னால்
ஒரு இடைவெளி.
பெருவிரல் தட்டியிருக்கிறது,
அடுத்த சொல்லுக்கு.